பரணில் இருந்த ஸ்பாய்லர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு வேதாசலம் பரண் ஏறினார்.

முட்டிவலிக்காரர். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற மகள் பட்டு, “நான் ஏறி எடுக்கேன்ப்பா, என்ன வேணும் சொல்லுங்க” என்று மூன்று முறை கேட்டுவிட்டாள். அவர் பரணுக்குள் இன்னும் எக்கினார். பழைய பாய், ஓடாத டேபிள் ஃபேன், கொலுப்படிப் பலகைகள் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி, கடைசியில் செய்தித்தாள் சுற்றிய நீளமான பொருள் ஒன்றை இழுத்து அவளிடம் நீட்டினார்.

தாள் கிழிந்த இடத்தில் கறுப்பாகத் தெரிந்தது. பட்டு தாளை இன்னும் கொஞ்சம் விலக்கினாள்.

அதேதான். மாருதியின் பின்கதவில் ஒட்டுகிற ஸ்பாய்லர்.

இந்தக் குடும்பத்தோடு முதலிலிருந்தே வருகிறவர்களுக்கு அதன் கதை தெரியும். இன்றுதான் உள்ளே வருகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடலாம். பதிவு செய்து மூன்று வருடம் காத்திருந்து வாங்கிய வெள்ளை மாருதி, ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டு வாசலுக்கு வந்த அடுத்த மாதம் நடந்தது அது. தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்த வேதாசலம், தன் மேலதிகாரி நாராயணஸ்வாமிக்குக் காரைக் காட்டவென்று அழைத்து வந்திருந்தார். பார்த்தால், காரின் பின்னால் கறுப்பாக ஒரு ரெக்கை. “என்ன வேதாசலம், வயசு திரும்புதா?” என்று நாராயணஸ்வாமி சிரித்துவிட்டார்.

வேதாசலம் நேரே வராந்தாவுக்கு வந்து, அங்கே நின்றிருந்த மகன் பகவதியைக் கன்னத்தில் அறைந்தார். பிறகு ஸ்க்ரூடிரைவரால் நெம்பி அந்த ஸ்பாய்லரைப் பிய்த்து எறிந்தார். அன்று சாயங்காலமே பகவதி ஒரு பெட்டியோடு கிளம்பிவிட்டான். பூனாவில் வேலை கிடைத்துவிட்டது என்று ஒரு நண்பன் மூலம் தகவல் வந்ததோடு சரி.

இரண்டு வருடம் ஆகிறது. போன புதன்கிழமைதான் அவனிடமிருந்து முதல் கடிதம் வந்தது. ‘ஞாயிறு மத்தியானம் வருகிறேன்.’ அந்த ஒரு வரிதான்.

“இதை எதுக்குப்பா இப்ப எடுக்கீங்க?” என்றாள் பட்டு.

“ஒட்டப் போறேன்” என்றார் வேதாசலம்.

மனைவி ராஜம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மகன் வருகிறான் என்று விடிவதற்கு முன்பே எழுந்து சொதிக்குத் தேங்காய்ப்பால் எடுத்துக்கொண்டிருந்தவள் அவள்.

“ஏங்க, புள்ள பொட்டியத் தூக்கிட்டு வருவான். ஸ்டேஷனுக்குக் காரை எடுத்துட்டுப் போவீகன்னு பாத்தா, நீங்க என்ன செய்யிதீக?”

“ஒட்டினா ஒரு நாள் முழுக்க வண்டியை நகத்தக் கூடாது ராஜம். கடைக்காரன் சொல்லியிருக்கான்.”

“அப்ப ஒட்டாதீக.”

“அவன் வந்து இறங்கும்போது இது இருக்கணும்.”

ராஜம் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குத் திரும்பினாள். அவள் அப்படிப் போனது வேதாசலத்துக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, ராணிகஞ்சில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கியது. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப். கூடவே ஒரு பாட்டில் ஸ்பிரிட்.

காரை வேப்பமரத்து நிழலில் நிறுத்தியிருந்தார்கள். தகடு சுடவும் கூடாது, குளிர்ந்தும் இருக்கக் கூடாது என்றார் வேதாசலம். சோப்புத் தண்ணீரால் பின்கதவைக் கழுவினார். துணியால் துடைத்தார். ஸ்பாய்லரின் அடியில் காய்ந்து கிடந்த பழைய டேப்பை மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டுச் சுரண்டி எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. தொழிற்சாலையில் மற்றவர்கள் செய்ததைப் பார்த்து ‘சரி’ என்றோ ‘தள்ளு’ என்றோ சொல்லிப் பழகியவர். தானே ஒரு வேலையைச் செய்வதில் அவருக்கு அத்தனை வேகமில்லை.

பட்டு துணியைப் பிழிந்து பிழிந்து கொடுத்தாள்.

பின்கதவில் இரண்டு இடத்தில் வெள்ளைக்குள் வேறொரு வெள்ளை தெரிந்தது. அன்றைக்கு நெம்பியபோது பெயின்ட் பெயர்ந்து வந்த இடங்கள். பிறகு அவரே வாங்கிப் பூசியது. நிறம் சேரவில்லை.

“ரெண்டு வருஷமா இதைப் பாத்துக்கிட்டேதான் வண்டி ஓட்டுதேன்” என்றார், அவளைப் பார்க்காமல்.

ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். குனிந்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தகட்டின் மேல் கன்னத்தை வைப்பது போல ஒரு பக்கமாகப் பார்த்தார். பழைய டேப் ஒட்டியிருந்த கோடு மங்கலாக இன்னும் இருந்தது.

“ஸ்கேலை எடு.”

இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தார். இடது முனையிலிருந்து கதவின் ஓரம் வரை. பிறகு வலது முனை. மறுபடியும் இடது.

“பட்டு, இங்க பாரு. இந்தப் பக்கம் நாலே கால் இஞ்ச். அந்தப் பக்கமும் நாலே கால். நூல் பிசகலை.” அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. “கண்ணால பாத்துக் குத்துமதிப்பா ஒட்டினது இல்ல இது. அளந்து, நடுக்கோடு போட்டு ஒட்டியிருக்கான். எங்கிட்ட வாற பீஸ்ல பாதி இந்தச் சுத்தத்துல வராது. எம்மகனுக்கு இப்படி ஒரு கை இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே.”

பட்டு ஈரத் துணியை மேலும் மேலும் முறுக்கினாள். அதில் சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

அம்மாவின் தையல் டேப்பால் அளந்தது அவள். பென்சிலால் நடுக்கோடு போட்டது அவள். டியூஷன் எடுத்த சம்பளத்தில், சிநேகிதி தங்கத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ராணிகஞ்சுக்குப் போய் வாங்கியதும் அவள்தான்.

அப்போது அவளுக்கு இருபது வயது. அப்பாவுக்குத் தெரியாமல், சைனிக்புரியின் வெறிச்சோடிய சாலைகளில் பகவதி அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தான். மூன்றாவது கியர் போட்ட அன்றைக்கு அவள் போட்ட கூச்சலில் ஒரு நாய் பயந்து ஓடியது. அல்வாலில் ஒரு வீட்டு வாசலில் நின்ற மாருதியில் இதே போல ஒன்றைப் பார்த்தாள். அன்றிலிருந்து அது வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எல்லாரும் மத்தியானம் தூங்குகிற நேரம் பார்த்துத் தனியாக ஒட்டினாள். அப்பா எழுந்து வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள். அப்பா தூங்கவில்லை, நாராயணஸ்வாமியை அழைத்து வரப் போயிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது.

அறை விழுந்தபோது அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பகவதி ஒரு தடவை அவளைப் பார்த்தான். சொல்லாதே என்பது போலத் தலையை லேசாக அசைத்தான். அவளும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

“அந்தப் பக்கம் பிடி” என்றார் வேதாசலம்.

மாஸ்கிங் டேப்பால் அடையாளம் வைத்தாயிற்று. டேப்பின் சிவப்புத் தாளை இரண்டு முனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார்கள். பசையில் விரல் படக் கூடாது. ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் நகர்த்த முடியாது. “மெதுவா… இன்னும் கொஞ்சம் இறக்கு… நில்லு… இப்ப வை.”

உட்கார்ந்தது.

“அமுக்கு. நல்லா அமுக்கு. பத்து நிமிஷம் கையை எடுக்கக் கூடாது.”

அப்பாவும் மகளும் பக்கத்துப் பக்கத்தில், நாலு உள்ளங்கைகளையும் ஊன்றி, காரைத் தள்ளுகிறவர்கள் போல நின்றார்கள். எதிர்வீட்டுக்காரர் சைக்கிளில் போகிறபோது என்னவென்று தெலுங்கில் கேட்டுவிட்டுப் போனார். வேதாசலம் தலையை மட்டும் ஆட்டினார்.

“அப்பா.”

“ம்.”

“அன்னைக்கு இதை ஒட்டினது அண்ணன் இல்ல.”

அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான்ப்பா. நான்தான் வாங்கினேன், நான்தான் அளந்தேன், நான்தான் ஒட்டினேன். அண்ணனுக்குத் தெரியவே தெரியாது. நீங்க அடிக்கிற அந்த நிமிஷம்தான் அவனும் இதை முதல்ல பாத்தான்.”

வேதாசலத்தின் கைகள் ஒரு கணம் தளர்ந்தன. ஸ்பாய்லரின் அந்த முனை மிக லேசாக எழும்பியது. உடனே மறுபடியும் அமுக்கிக்கொண்டார்.

குனிந்த தலையோடு கேட்டார்.

“ஏன் அடி வாங்கிக்கிட்டான்?”

“நான் பயந்து நின்னதைப் பாத்தான். அதான்.”

“யார் ஒட்டினதுன்னு நான் கேக்கவே இல்லையே” என்றார் வேதாசலம். அவளிடம் சொன்னது போல இல்லை. “ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஃபாக்டரியில ஒரு ஸ்க்ரூ தப்பா இருந்தாக்கூட யார் போட்டான்னு கேட்டுட்டுத்தான் ரிப்போர்ட் எழுதுவேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “கேட்டிருந்தா சொல்லியிருப்பியா நீ?”

பட்டு பொய் சொல்ல நினைத்தாள். முடியவில்லை.

“சொல்லியிருக்க மாட்டேன்ப்பா.”

கண்ணீர் மூக்கு வழியே இறங்கி உதட்டுக்கு வந்தது. துடைக்கக் கையை எடுக்கப் போனாள்.

“கையை எடுக்காத” என்றார் அப்பா. “இன்னும் நேரம் இருக்கு.”

பத்து நிமிடம் முடிந்தும் அவர் கையை எடுக்கவில்லை. பட்டுதான் அவர் கையைப் பிடித்து விலக்கினாள். அவர் உள்ளே வரவில்லை, காபிக்கும் வரவில்லை. காரின் முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். ராஜம் போய்க் கூப்பிட்டாள்.

“என்ன செய்யிதீக இங்க?”

“அவன்கிட்ட என்ன சொல்லணும்னு யோசிக்கேன்.”

“வாடான்னு சொல்லுங்க. போதும்.”

ஒன்றரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது.

பகவதி இளைத்திருந்தான். மீசை வைத்திருந்தான். ராஜம் படி இறங்குவதற்கு முன்பே வேதாசலம் கேட்டைத் திறந்துவிட்டார்.

“ஏல, வந்துட்டியா?”

“வந்துட்டேன்ப்பா.”

பெட்டியை அப்பா வாங்கப் போக, மகன் கொடுக்காமல் இருக்க, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். வேப்பமரத்தடியில் பகவதி நின்றுவிட்டான்.

“இது என்னப்பா?”

“ஒட்டிட்டேன். நானும் பட்டுவும்.” வேதாசலம் பெட்டியின் கைப்பிடியை விட்டார். “பட்டு எல்லாத்தையும் சொல்லிட்டா. உன்மேல ஒரு தப்பும் இல்ல. நான் அன்னைக்குக் கேட்டிருக்கணும். கேக்காம கையை நீட்டிட்டேன். ரெண்டு வருஷம் நீ எங்கயோ கிடந்து…”



பட்டு அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அழுவான், அல்லது சிரிப்பான் என்று நினைத்திருந்தாள். அவன் முகமோ திருடும்போது பிடிபட்டவன் முகம் போல ஆகிவிட்டது.

“விடுங்கப்பா, பழைய கதை” என்று முணுமுணுத்துவிட்டு வேகமாக உள்ளே போனான்.

அவன் முகம் கழுவக் கொல்லைக் குழாய்க்குப் போனபோது, துண்டை எடுத்துக்கொண்டு பட்டு பின்னாலேயே போனாள். கோபம் வந்தால் அண்ணன் தங்கை இருவருக்கும் தெருவில் பழகிய உருதுக் கலப்புப் பேச்சுதான் வரும்.

“கைக்கு, ஏன் சொன்ன? யார் கேட்டா உன்னை?” என்றான் தணிந்த குரலில்.

“எத்தனை நாள்தான் நான் மறைக்கது? அப்பா உன்னைப் பத்தி…”

“நக்கோ, வேணாம். எதுவும் சொல்லாத.” குழாயை மூடினான். தண்ணீர் சொட்டும் முகத்தோடு அங்கிருந்த துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். “உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? நான் அடி வாங்கின அந்த ஞாயித்துக்கிழமைக்கு நாலு நாள் முன்னாடியே பூனா வேலைக்கு ஆர்டர் வந்துடுச்சு. சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டு அலைஞ்சேன். அப்பா இங்க ஃபாக்டரியில அப்ரென்டிஸ் இடம் கேட்டு வச்சிருந்தாரு. எனக்கு அது வேணாம்னு அவர் முகத்தைப் பாத்துச் சொல்ல தைரியம் வரலை.”

பட்டுவுக்கு முதலில் புரியவில்லை.

“அந்த அறை விழுந்துச்சு பாரு” என்றான் பகவதி. “வலிச்சது. ஆனா உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. இனிமே நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம். கோவத்துல போயிட்டான்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க. அப்பாவும் தடுக்க மாட்டாரு.”

“அப்ப எனக்காக இல்லையா?”

“தலையாட்டினது உனக்காகத்தான். போனது உனக்காக இல்ல.”

“ரெண்டு வருஷம் ஒரு லெட்டர்கூடப் போடாம இருந்தியே.”

“போட்டா திரும்பி வான்னு எழுதுவாரு. நான்தான் விரட்டிட்டேன்னு அவர் குத்த உணர்ச்சியில இருக்கிற வரைக்கும் என்னைக் கூப்பிட மாட்டாருன்னு… அப்படியே விட்டுட்டேன். இன்னைக்கு அந்த வாலை ஒட்டி வச்சுட்டு நிக்காரு. பாக்க முடியலை பட்டு.”

பட்டு துண்டை அவன் மடியில் போட்டாள்.

“அன்னையிலிருந்து நான் அந்த ஸ்டீரிங்கைத் தொடவே இல்ல, தெரியுமா உனக்கு? அப்பா அவராவே ஓட்டக் கத்துக்கோன்னு சொன்னாரு. எனக்குத் தெரியாது, வேணாம்னு சொல்லிட்டேன். நீ பூனாவுல நிம்மதியா இருந்த.”

“நிம்மதின்னு யார் சொன்னது?”

அடுக்களையிலிருந்து ராஜம் கூப்பிட்டாள். பகவதி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“வேலை நிரந்தரம் ஆயிடுச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன். சாப்பிட்டு முடிச்சதும் நானே சொல்லிடறேன். நீ வாயைத் திறக்காத.”

“ஹவ், சரி” என்றாள் பட்டு வெறுப்போடு.

ராஜம் நடுக்கூடத்தில் இலை போட்டிருந்தாள். சொதி, உருளைக்கிழங்குக் காரக்கறி, இஞ்சித் துவையல். மகன் இலையில் மட்டும் எல்லாம் இரண்டு பங்கு. வேதாசலம் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர், ஆனாலும் சோற்றைத் தொடாமல் மகன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“பகவதி, உன் லெட்டர் வந்த அன்னைக்கே நான் பர்சனல் ஆபீசரைப் போய்ப் பாத்தேன்.”

பகவதியின் கை நின்றது.

“இருபது வருஷ சர்வீஸ்ல எனக்காக நான் யார்கிட்டயும் ஒண்ணும் கேட்டதில்ல. உனக்குத் தெரியும். உனக்காகப் போய் அந்த ரூம் வாசல்ல ஒரு மணி நேரம் நின்னேன். எம்மகன் மேல தப்பில்ல சார், நான்தான் விரட்டிட்டேன்னு சொன்னேன். உன்மேல தப்பு உண்டுன்னு அப்ப நான் நினைச்சிருந்தேன், ஆனாலும் அப்படித்தான் சொன்னேன். டெக்னீஷியன் இடம் ஒண்ணு இருக்காம். நாளைக்குப் பத்து மணிக்கு உன்னை வரச் சொல்லியிருக்காங்க.”

ராஜம் இதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. கையிலிருந்த சாதத் தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க!” அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “இனிமே இங்கதானல இருப்ப?”

பகவதி அம்மாவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

“சரிப்பா” என்றான்.

பட்டுவுக்கு அந்தக் குரல் தெரியும். நாளைக் காலை பத்து மணிக்கு முன்னால் வீட்டில் ஏதாவது ஒரு சண்டை வரும். ஒரு சின்னச் சொல் போதும், அதைப் பிடித்துக்கொண்டு அவன் பெட்டியை எடுத்துவிடுவான். அப்பா இன்னும் ஒரு பத்து வருடம் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு அந்த ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

“அப்பா, அவன் வரமாட்டான்” என்றாள்.

“என்னட்டி சொல்லுத?” என்றாள் ராஜம்.

பகவதி தங்கையை எரித்துவிடுவது போலப் பார்த்தான். “பட்டு, சும்மா இரு.”

“நீ சொல்லு. இல்லாட்டி நான் சொல்வேன்.”

வேதாசலத்தின் முகம் முதலில் சிவந்தது. அந்தச் சிவப்பு ஏறுவதை அந்த வீட்டில் மூன்று பேரும் அறிவார்கள். ராஜம் அவர் கையைப் பிடிக்கிற தூரத்துக்கு நகர்ந்துகூட வந்துவிட்டாள்.

அவர் இலையை விட்டு எழவில்லை. சத்தம் போடவில்லை. மகள் பக்கம் திரும்பவும் இல்லை.

“அவ கிடக்கா” என்றார் மகனிடம். “நீ சொல்லுல. உனக்கு இங்க வர இஷ்டமா, இல்லையா?”

பகவதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சொதி முழுக்க வற்றிச் சோறு கட்டியாகும் வரை பிசைந்தான். வேதாசலம் காத்திருந்தார். ஒரு பதிலுக்காக அவர் அவ்வளவு நேரம் பேசாமல் காத்திருந்து ராஜம்கூடப் பார்த்ததில்லை.